மீளங்கீகாரக் கோப்பில் நான் திருத்திய பிழை

கொழும்பில் நான் பணியாற்றும் பயிற்சி நிலையத்தின் விசேட கல்வி டிப்ளோமாவுக்கு அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் சுயமதிப்பீட்டு அறிக்கை என் பொறுப்பில் வந்தபோது, பாடத்திட்டத்தையும் விரிவுரையாளர் தகைமைகளையும் ஒழுங்காக அடுக்கினாற் போதும் என்றே எண்ணியிருந்தேன். முன்னோட்டமாகக் கோப்பைப் புரட்டிய மூத்த மீளாய்வாளர், "தம்பி, இதில் பிள்ளை எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

பயிலுநர்களின் கற்பித்தற் பயிற்சிக் குறிப்பேடுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். செவிப்புலன் குறைந்த பிள்ளைக்கும் ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கும் எழுதப்பட்ட தனியாள் கல்வித் திட்டங்களில், அதாவது ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கேற்பத் தனித்தனியே வகுக்க வேண்டிய திட்டங்களில், "வாசிப்பை மேம்படுத்தல்" என்ற ஒரே இலக்கே இருந்தது. மேற்பார்வையாளரின் வாராந்தக் கையொப்பங்கள் யாவும் ஒரே பேனாவால் ஒரே இருப்பில் இடப்பட்டவை போலத் தெரிந்தன. வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த பயிலுநர் அணியிலிருந்து, ஆரம்ப மதிப்பீடு, அளக்கக்கூடிய இலக்கு, இறுதியில் கண்ட மாற்றம் ஆகிய மூன்றையும் ஒரே பிள்ளையைப் பற்றித் தொடர்ச்சியாக எழுதச் செய்தேன். "காட்டும் 5 படங்களில் 4இனைத் துணையின்றிப் பெயரிடுவார்" என்பது போன்ற இலக்கை எழுதப் பயிலுநர்கள் முதலில் திணறினார்கள். மேற்பார்வையாளர் வகுப்பைப் பார்த்த அன்றே திகதியுடன் ஒப்பமிட வேண்டுமென்றும் விதித்தோம். நாட்டின் உயர்கல்வித் தகைமைகளை வரையறுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகம், கற்றலின் அளவைக் குறிக்கும் அலகான 1 கிரெடிட்டுக்குப் பொதுவாக 50 கற்றல் மணித்தியாலங்களைக் கணக்கிடுவதால், மணித்தியாலப் பதிவையும் அதற்கேற்பத் திருத்தினேன்.

பழைய குறிப்பேடுகளில் நாங்கள் கை வைக்கவில்லை. அவற்றின் குறையை அறிக்கையிலேயே எழுதிவிட்டோம்.