சின்னப் பிள்ளை நடக்கிற வேகம்: பினாங்கில் குடும்பங்களைக் காட்டுக்கு அழைத்துப்போகும் வேலை

"அண்ணே, வாரக் கடைசியில குடும்பங்களைக் காட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறீங்களாமே, நானும் செய்யலாமா?" என்று அடிக்கடி யாராவது வாட்சாப்பில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டு விரல் வலிக்கிறது. ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன், இனி கேட்கிறவர்களுக்கு இதையே அனுப்பிக்கொள்ளலாம்.

முதலில் லைசன்ஸ். காசு வாங்கிக்கொண்டு சுற்றுப்பயணிகளை அழைத்துப்போகிறவர் சுற்றுலா அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும், 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஜார்ஜ்டவுன் மாதிரி ஊர் சுற்றிக் காட்டுகிறவர்களுக்கு நீல அட்டை, நம்மைப் போல் காடும் கடற்கரையுமாக அலைகிறவர்களுக்குப் பச்சை அட்டை. (பச்சை அட்டை வாங்கப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்னபோது அம்மா, "காட்டுல கடிக்கிறது பத்தாதா, காசு குடுத்து வேற வாங்கணுமா" என்றார்.) அமைச்சு அங்கீகரித்த நிலையத்தில் படித்துத் தேர்வு எழுத வேண்டும். கூடவே முதலுதவியும் சிபிஆரும் செம்பிறைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ படித்துக்கொள்ளுங்கள், சும்மா சான்றிதழுக்காக இல்லை, பொம்மையின் நெஞ்சில் கை வலிக்கிற அளவுக்கு அழுத்திப் பழகுங்கள். வனத்துறையின் ஒதுக்குக் காடுகளுக்குள் போக வேண்டுமென்றால் அவர்களிடம் தனியாகப் பெர்மிட் எடுக்க வேண்டும், அது வேறு கதை.

எங்கே போவது? புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்து இடத்தைப் போஸ்டரில் போடாதீர்கள். இரண்டு இடம் போதும், ஆனால் அந்த இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் நான் தெலுக் பஹாங் தாமான் ரிம்பா என்கிற வனப் பூங்காவைத் தாண்ட மாட்டேன்: நிழல், ஆழமில்லாத ஓடை, பக்கத்திலேயே கழிவறை, வேறென்ன வேண்டும். கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) தாவரவியல் பூங்காவிலிருந்து போகிற ஜீப் ரோட்டைப் பலர் கேட்பார்கள். ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை, செங்குத்து, பெரியவர்களுக்கு முழங்கால் போய்விடும், பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். என்னைக் கேட்டால் வேண்டாம். ஏழெட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள் என்றால் பினாங்கு தேசியப் பூங்கா, அதிலும் பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் போகிற பாதை. 2003-இல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், நுழைவாயிலில் பெயர் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், மண் சரிந்தால் பாதையை மூடிவிடுவார்கள், அதனால் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கெராச்சுட்டுக்குச் சுமார் மூன்றரைக் கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் என்றால் ஒன்றரை மணி நேரம், பிள்ளைகளோடு என்றால் இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள், எறும்புப் புற்றைக் கண்டுவிட்டால் மூன்று.

இந்த வேலையில் பாதி, காட்டுக்குப் போவதற்கு முன்பே போனில் முடிகிறது. எத்தனை பேர், என்ன வயது என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். யாருக்கு இளைப்பு, யாருக்குச் சர்க்கரை, யாருக்குத் தேனீ கடித்தால் வீங்கும், பாட்டிக்கு முழங்கால் எப்படி, எல்லாவற்றையும் வெட்கப்படாமல் கேளுங்கள். எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு குடும்பத்தைக் கெராச்சுட்டில் இறக்கி, திரும்புவதற்குப் படகு பேசி வைத்திருந்தேன். இடி, மழை, சொன்ன நேரத்துக்குப் படகு வரவில்லை. காத்திருக்கும்போது பையனுக்கு இளைக்க ஆரம்பித்தது. இளைப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சுகிற பஃப்பர் எங்கே என்றால், "கார்லதான் இருக்கு பாஸ், ரொம்ப நாளா வரலையேன்னு விட்டுட்டோம்" என்கிறார் அப்பா. கார் நுழைவாயிலில், நாங்கள் மலைக்கு அந்தப் பக்கம், போனில் லைன் வருகிறது போகிறது. பையனை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொண்டே அவனோடு சேர்ந்து மெதுவாக மூச்சு எண்ணிக்கொண்டிருந்தேன். கடல் கொஞ்சம் அடங்கிப் படகு வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து பஃப்பரை என் கண்ணில் காட்டாமல் யாரும் நுழைவாயிலைத் தாண்ட முடியாது. படகுக்காரரிடம் பிள்ளைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவேன்.

இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், அது திரும்புகிற நேரம். "பதினோரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்" என்று குடும்ப வாட்சாப் குழுவிலேயே போட்டுவிடுங்கள், எல்லார் கண்ணிலும் படட்டும். ஏனென்றால் காட்டில் உங்களுக்குத் தலைவலி பாம்பாலோ குரங்காலோ வருவதில்லை, அப்பாக்களால் வருகிறது. பிள்ளை களைத்து உட்கார்ந்துவிடும், அம்மாவுக்கு அது முகத்தைப் பார்த்தாலே தெரியும், அப்பா மட்டும், "இன்னும் கொஞ்சம்தான்டா, கடற்கரையைப் பார்க்காமலா போறது" என்பார். அந்த இடத்தில் நீங்களாக முடிவெடுத்தால் அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும். நேற்றே எழுதிவைத்த நேரம் என்றால் கடிகாரம் முடிவெடுத்த மாதிரி, யார் மனதும் புண்படாது. மதியத்துக்கு மேல் இடி மழை வருவது இங்கே புதிதில்லை, காலை ஏழரைக்கே பசியாறிவிட்டு வரச் சொல்லுங்கள். வீட்டில் சாப்பிடாமல், வழியில் நாசி லெமாக் தாப்பாவ் பண்ணிக்கொண்டு வந்து நுழைவாயிலில் பொட்டலத்தைப் பிரிக்கிற குடும்பத்தால் அரைமணி நேரம் போய்விடும். அதோடு சிவப்பு பிளாஸ்டிக் பையைப் பார்த்ததும் குரங்கு இறங்கிவிடும்.

குரங்கு என்றதும் சொல்லிவிடுகிறேன். நீளவால் குரங்குக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடுதான், உள்ளே ஈரத் துணி இருந்தாலும் பிடுங்கும். எல்லாம் முதுகுப்பைக்குள் போக வேண்டும். கிட்டே வந்தால் பிள்ளைகள் சிரித்துப் பல்லைக் காட்டக் கூடாது, அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும், கண்ணைப் பார்க்காமல் மெல்ல நகர வேண்டும். லோத்தோங் என்கிற இலைக்குரங்கு வேறு ஜாதி, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி மேலே உட்கார்ந்து இலை தின்றுகொண்டிருக்கும், நம்மைக் கண்டுகொள்ளாது. அதன் குட்டி பளிச்சென்று ஆரஞ்சு நிறம். அதைக் காட்டிவிட்டால் அன்றைக்கு உங்கள் வேலை பாதி முடிந்தது.

நடக்கும்போது வரிசை முக்கியம். முன்னால் நீங்கள், உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே ஆகச் சின்னப் பிள்ளை, கடைசியில் அப்பா. பிள்ளையின் காலடிச் சத்தம் காதில் விழுகிற வேகம்தான் உங்கள் வேகம். சத்தம் இழுக்க ஆரம்பித்தால் "தண்ணி குடிப்போமா" என்று கேட்காமல் நீங்களே நின்று எதையாவது காட்டுங்கள். எனக்கு வழக்கமாகக் கைகொடுப்பது ரோத்தான் கொடி, அதாவது பிரம்பு. பனைச் சாதிதான், ஆனால் நிற்கத் தெம்பில்லாமல் கொக்கி முள்ளால் மற்ற மரத்தைப் பிடித்து ஏறும். "இதுலதான்டா எங்க வாத்தியார் உள்ளங்கையைப் பழுக்கவைப்பாரு" என்று அப்பாக்கள் தொடங்கிவிடுவார்கள், பிள்ளைகளுக்குக் கால் வலி மறந்துவிடும். தாழ்ந்த கிளையில் பச்சைப் பாம்பு சுருண்டிருந்தால், பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் இருக்கிற அதே ஜாதிதான், அசையாமல் கிடக்கும், ஆனால் விஷம் உண்டு, தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கெராச்சுட்டில் ஓர் ஏரி இருக்கிறது, வருடம் முழுக்க நிறைந்திருக்காது. நிறைந்திருக்கும்போது மேலே நன்னீர், அடியில் கடல் தண்ணீர், இரண்டும் கலப்பதில்லை. வாயால் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். நான் ஒரு கண்ணாடிக் குவளையும் சின்னப் போத்தலில் ரோஜா சிராப்பும் கொண்டுபோவேன். முதலில் சிராப், அப்புறம் குவளையின் ஓரமாகக் கரண்டியைச் சாய்த்துப் பிடித்து அதன் மேல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு அடியில் அப்படியே நிற்கும், மேலே தெளிந்த தண்ணீர். "உப்புத் தண்ணி கனம்டா, அதான் கீழ" என்று ஒரு வரி சொன்னால் போதும். அப்புறம் கலக்கி அவர்களுக்கே கொடுத்துவிடலாம், சண்டை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஆமைப் பாதுகாப்பு நிலையம். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சும், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சும் பொரிக்கும் என்று சொல்லிப் பாருங்கள், அதற்குப் பிறகு கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் இளகாதீர்கள். ஓடையில், அருவியில் குளிக்கும்போது நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் திடீர் வெள்ளமாக இறங்கிவரும். கெப்பாலா ஆயர் என்று இங்கே எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான், ஆனால் அடையாளம் தெரிந்தவர்கள் குறைவு. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், சத்தம் மாறும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் சாமானை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும், செருப்பைத் தேடக் கூடாது. கடலிலும் நான் இறங்க விடுவதில்லை. பினாங்குக் கடலில் பெட்டி ஜெல்லிமீன் உண்டு, தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. முதலுதவிப் பையில் ஒரு போத்தல் வினிகர் எப்போதும் இருக்கும். பட்ட இடத்தில் தேய்க்காமல் வினிகரைத் தாராளமாக ஊற்றிவிட்டு 999-ஐ அழைக்க வேண்டும்.

பாட்டி தாத்தா வந்தால் சுமை என்று நினைக்கிற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள்தான் உதவியாள். ஒருமுறை மகன் ஆயிரம் தடவை வேண்டாம் என்றும் கேட்காமல் ஒரு பாட்டி வந்தார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியையும் வெறுங்காலில் ஏறுகிறவர், காலில் கருப்பு ரப்பர் சப்பாத்து, நாம் கம்போங் அடிடாஸ் என்கிறோமே, அது. மகன் விலையுயர்ந்த காலணியில் வழுக்கிக்கொண்டிருக்க, அந்த அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிற நடையில் போய்க்கொண்டிருந்தார். பேரனின் கணுக்காலில் அட்டை ஏறியதும் அவன் அலறினான். நான் குனிவதற்குள் அவரே நகத்தை அட்டையின் வாய்க்கு அடியில் கொடுத்து வழித்து எறிந்துவிட்டு, "இதுக்கா கத்துற, உங்க தாத்தா கால்ல அட்டையை எண்ணிப் பார்த்தா இருபது இருக்கும்" என்றார். பாதை ஓரத்தில் பாக்கு என்கிற பெரணிக் கீரையைக் காட்டி, எந்தக் கொழுந்தைக் கிள்ளிச் சமைப்பார்கள் என்றும் சொன்னார் (பூங்காவுக்குள் கிள்ளக் கூடாது பாட்டி என்று நான்தான் தடுக்க வேண்டியிருந்தது). இப்படிப்பட்டவர்கள் காட்டுக்குள் நுழையும்முன் முனீஸ்வரரைக் கும்பிட்டால் நின்று பொறுமையாக இருங்கள், இரண்டு நிமிடம்தான்.

காசை ஆளுக்கு இவ்வளவு என்று பேசாமல் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள், பாதியை முன்பணமாக வாங்கிவிடுங்கள். மழையால் ரத்தானால் வேறு நாள், பணம் திரும்பக் கிடைக்காது என்பதையும் எழுத்தில் போடுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்றால் பாட்டியை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள்.

படகில் ஏறும்முன் தலையை எண்ணுவதோடு, பிள்ளைகளின் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் திறந்து பாருங்கள். ஒரு தடவை எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு ஒரு மைலோ போத்தல் தானாக நகர்ந்தது. உள்ளே ஈர மணலும் நான்கு சங்கு நண்டும். பையனிடம் பேரம் பேசி, நான்குக்கும் பெயர் வைத்து, ஒவ்வொன்றாக மணலில் இறக்கிவிட்டு வர இருபது நிமிடம் ஆனது, படகுக்காரர் அதற்கு வெயிட்டிங் காசு வாங்கிவிட்டார்.