பிரெய்ரி நாட்டுப்புறம்: புதிதாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெய்ரி என்பது கனடாவின் பரந்த புல்வெளிச் சமவெளி. அதிலுள்ள சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென் பகுதியில் கிளென் மக்ஃபர்சன் என்று ஓர் ஊரக நிர்வாகப் பகுதி இருக்கிறது. அதன் எண் 46. பரப்பு 800 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2016 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 72 பேர். இப்படிப்பட்ட பகுதிகளை (ரூரல் முனிசிபாலிட்டி) அங்கே சுருக்கமாக 'ஆர்.எம்.' என்றுதான் சொல்வார்கள். மாகாணத்தில் மொத்தம் 300-க்குச் சற்றுக் குறைவாக உண்டு. எல்லாமே இவ்வளவு ஆளரவமற்றவை அல்ல. ஆனால் பலவற்றில் பக்கத்தில் ஒரு வீடு இருப்பதே இரவில் அதன் விளக்கு தெரியும்போதுதான் புரியும்.

வேலைக்கோ, நிலம் வாங்கவோ, கிராஸ்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவைப் பார்க்கவோ இந்தப் பக்கம் வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி ஒரே எண்ணத்திலிருந்து பிறக்கின்றன: ஆளே இல்லை, அப்படியென்றால் கேட்பாரும் இல்லை.

முதலில் சாலை. வரைபடத்தில் கோடு இருந்தால் அது சாலை என்று நம்பிப் போவதுதான் மிக ஆபத்தான தவறு. 1871-இல் தொடங்கிய நில அளவையில் பிரெய்ரி முழுவதையும் ஒரு மைல் சதுரங்களாக வகுத்தார்கள். சஸ்காச்சுவானின் பெரும்பகுதியில் வடக்கு தெற்காக ஒவ்வொரு மைலுக்கும், கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்றுமாக 66 அடி அகலத்தைச் சாலைக்கென்று ஒதுக்கினார்கள். ஒதுக்கினார்கள், அவ்வளவுதான், எல்லாவற்றிலும் சாலை போடவில்லை. கைப்பேசி காட்டும் 'குறுக்கு வழி' பல நேரம் வெறும் புல் தடமாக இருக்கும், அல்லது யாரோ உழுது விதைத்த நிலமாக இருக்கும்.

இந்தச் சதுரங்களை ஒட்டிச் சரளைக்கல் போட்டு அமைத்த கிரிட் ரோடு பரவாயில்லை. மண் சாலைதான் சோதனை. 'உலர்ந்த காலத்துச் சாலை' என்ற பலகையைப் பார்த்தால் அதை அப்படியே நம்புங்கள். தென் பகுதியில் பல இடங்களில் களிமண், கம்போ என்பார்கள். காய்ந்திருக்கும்போது தார்ச்சாலை மாதிரி ஓடும். அரை மணி நேரம் மழை பெய்துவிட்டால் டயரில் அப்பி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் அடைத்துக்கொண்டு, நாலு சக்கர இயக்கமுள்ள வண்டியையும் நிறுத்திவிடும். ஈரத்தில் அதில் ஓட்டினால் நீங்கள் விட்டுப்போகும் பள்ளம் காய்ந்து இறுகிவிடும். அதைச் சீர்செய்ய வேண்டியது சில நூறு பேர் கட்டும் வரியில் ஓடும் ஓர் அலுவலகம். இன்னொன்று: நேராகப் போகும் வடக்கு தெற்குச் சாலை 24 மைலுக்கு ஒருமுறை திடீரென்று பக்கவாட்டில் விலகும். பூமி உருண்டை என்பதால் தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்குகின்றன. சதுரங்களை மறுபடி சரிக்கட்டிய இடம் அது. இரவில் வேகமாக வருகிறவர்கள் அங்கே நேராக வயலுக்குள் இறங்கிவிடுவார்கள்.

அடுத்தது முகவரி. தெருப்பெயர், கதவு எண் என்று எதிர்பார்த்து வந்து, அவசரத்தில் 911-ஐ அழைத்து "ஒரு சிவப்புக் கொட்டகை பக்கத்தில் நிற்கிறேன்" என்று சொல்வதால் பயனில்லை. தங்கப்போகும் வீட்டின் நில விவரத்தை முதல் நாளே கேட்டு, தொலைபேசி பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். 'வடகிழக்கு 12-7-15, மூன்றாவதற்கு மேற்கே' என்ற மாதிரி இருக்கும். பன்னிரண்டாவது செக்ஷன் (ஒரு மைல் சதுரம்), அதன் வடகிழக்குக் கால்பங்கு; அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே ஏழாவது டவுன்ஷிப் (ஆறு மைல் சதுரம்); நில அளவைக்கு அடிப்படையாக வைத்த கோடுகளில் மூன்றாவதான தீர்க்கரேகைக் கோட்டுக்கு மேற்கே பதினைந்தாவது டவுன்ஷிப் வரிசை. வடகிழக்குக்குப் பதில் தென்கிழக்கு என்றால் அரை மைல்தான் தவறும். மூன்றாவது என்பதற்குப் பதில் இரண்டாவது என்று சொல்லிவிட்டால் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் கிழக்கே காட்டிவிடுவீர்கள்.

வேலி இல்லை, பலகை இல்லை என்று வயலில் இறங்கிப் படம் எடுப்பதும் தவறு. 2022 ஜனவரி 1 முதல் சஸ்காச்சுவானில் தனியார் ஊரக நிலத்தில் நுழைய உரிமையாளரின் முன் அனுமதி வேண்டும். 'நுழையாதே' என்று அவர் பலகை வைத்திருக்க வேண்டியதில்லை. இதில் விவசாயியின் பயம் நியாயமானது. கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிரின் வேரைத் தாக்கும் கிளப்ரூட் நோய் டயரிலும் செருப்பிலும் ஒட்டிய மண்ணோடு வந்துவிடும். வந்துவிட்டால் பல வருடம் நிலத்தை விட்டுப் போகாது.

நிலம் வாங்க நினைப்பவர்களுக்கு. டொராண்டோ பக்கம் ஒரு வீட்டுக்குக் கேட்கும் விலையில் இங்கே எவ்வளவு ஏக்கர் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் நம்மவர்களிலும் உண்டு. நிரந்தர வசிப்புரிமையோ கனடியக் குடியுரிமையோ இல்லாத ஒருவர் இம்மாகாணத்தில் மொத்தமாக 10 ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வைத்திருக்கப் பொதுவாகச் சட்டம் விடாது. பத்திரம் மேல்மண்ணுக்குத்தான், அடியில் இருக்கும் கனிமம் பெரும்பாலும் வேறொருவர் பெயரில் இருக்கும். ஒரு குவார்ட்டர், அதாவது 160 ஏக்கரில், வீட்டுக்கென்று எத்தனை துண்டு பிரிக்கலாம் என்பதற்கு அந்தந்த ஆர்.எம். விதி வைத்திருக்கும். முன்பணம் கொடுத்த பிறகு இதையெல்லாம் விசாரிப்பது வீண்.

கிணற்று நீரையும் டகவுட் என்கிற குட்டை நீரையும் பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள். குளிர்காலத்தில் பெட்ரோல் டாங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பனியில் சிக்கினால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருங்கள்.

கடைசியாக, யாரிடம் போவது என்ற குழப்பம். ஆர்.எம். எல்லைக்குள் வரைபடத்தில் தெரியும் சிற்றூர் பெரும்பாலும் ஆர்.எம்.மைச் சேர்ந்தது அல்ல. அதற்குத் தனி மன்றம், தனி மேயர், தனி வரி. ஆர்.எம்.மின் தலைவரை 'ரீவ்' என்பார்கள். பிரிவுக்கு ஒரு கவுன்சிலர். அன்றாடம் எல்லாவற்றையும் பார்ப்பவர் அட்மினிஸ்ட்ரேட்டர். ஊரிலிருந்து அரை மைல் தள்ளி வீடு வாங்கிவிட்டு, அந்த ஊர் அலுவலகத்தில் போய்ச் சாலையில் பனி தள்ளவில்லை என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. தீயணைப்புக்கும் இதே கதை: வருகிறவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள், பல ஆர்.எம்.களில் அழைப்புச் செலவு நில உரிமையாளருக்கே பில்லாக வரும். உங்கள் பகுதியில் எப்படி என்று அட்மினிஸ்ட்ரேட்டரிடம் கேளுங்கள். பிரிவு கவுன்சிலரின் பெயரையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். அவரும் அதே சாலையில் ஓட்டுகிறவர்தான். மன்றக் கூட்டத்துக்கு யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம்.