சேனலுக்கு முன் வாடிக்கையாளர்: வீடியோ தயாரிப்பைத் தொழிலாக்கும் வழி

வீடியோ எடுத்துப் பிழைக்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக யூடியூபில் ஒரு சேனலைத் தொடங்கிவிட்டு, விளம்பரப் பணத்துக்காகக் காத்திருக்கிறார்கள். கையில் முதல் இல்லாதவர்கள் அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. விளம்பர வருமானத்தில் பங்கு பெற, ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது அந்தப் பார்வை நேரத்துக்குப் பதிலாக, ஷார்ட்ஸ் எனப்படும் குட்டி வீடியோக்கள் 90 நாள்களில் 1 கோடி பார்வைகளைப் பெற்றிருக்க வேண்டும். அந்த வாசலைத் தாண்டிய பிறகும், நீண்ட வீடியோவில் ஓடும் விளம்பரத் தொகையில் 55 சதவீதம்தான் சேனல்காரருக்கு வரும். விளம்பரப் பணத்தைப் பிரித்துத் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் அது வங்கிக்கு நகரும். உள்ளூர்ப் பார்வைக்குக் கிடைக்கும் விளம்பர விலை பொதுவாகக் குறைவு என்பதால், சிங்கப்பூரிலும் கனடாவிலும் பார்க்கப்படும் தமிழ் வீடியோ அதே எண்ணிக்கையில் கூடுதலாக ஈட்டக்கூடும்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கப்பட்ட வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆயிற்று. அதைப் பார்த்துக் கேமரா வாங்குவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: அங்கே ஊருக்கே சமைத்துப் போடும் கை இருந்தது, கேமரா அதைக் காட்டியது. காட்டுவதற்கு உங்களிடம் அப்படியொரு கைவேலை இப்போதைக்கு இல்லையென்றால், கைவேலை உள்ளவர்களுக்காக வீடியோ எடுப்பதே தொழிலின் நேர்வழி.

பணம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லும் ஆள் சிறிய ஊரில் கிடைப்பாரா என்ற சந்தேகம் இயல்பானது. சேலத்தை அடுத்த இளம்பிள்ளையின் சேலை வியாபாரத்தைக் கவனித்தால் அது தீரும். சேலையை விரித்துக் காட்டி, விலையைச் சொல்லி, திரையில் வாட்ஸ்அப் எண்ணைப் போட்டு, ஒரே ஒரு சேலையானாலும் கூரியரில் அனுப்புவோம் என்று அறிவிக்கும் வீடியோக்களால் அந்த ஊர் வெளியூர் வாடிக்கையாளர்களைப் பிடித்திருக்கிறது. நகைக்கடை, நர்சரி, டிராக்டர் உதிரிபாகக் கடை, வீட்டுமனைத் தரகர் என்று எல்லாருக்கும் இந்தத் தேவை உண்டு. கடைக்காரருக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு எடிட்டிங் பார்க்க நேரம் இல்லை.

சேலை வீடியோவையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் தேறியவர் மற்றவற்றை எளிதில் எடுத்துவிடலாம். படப்பிடிப்புக்கு முன்பே கடைக்காரரிடம் விலை, கையிருப்பு, எத்தனை நிறம், ரவிக்கைத் துணி உண்டா, கூரியர் கட்டணம் யார் பொறுப்பு ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கேமரா ஓடும்போது இவற்றைக் கேட்டால் வீடியோ இழுத்துக்கொண்டே போகும். முதலில் முந்தானை, அடுத்து பார்டர், பிறகு உடல் பகுதி, கடைசியாக ரவிக்கைத் துணி என்ற வரிசையைக் கடைசிவரை மாற்றாமல் இருந்தால், பார்ப்பவர் தனக்கு வேண்டியதைத் தேட வேண்டியதில்லை. ஒரு நல்ல செல்போனின் பின்பக்கக் கேமராவும் அசையாத ஸ்டாண்டும் இதற்குப் போதும்.

தகராறு வருவது நிறத்தில்தான். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் மஞ்சள் பல்பும் ஒன்றாக விழும் இடத்தில் எடுத்தால், மாம்பழ மஞ்சள் சேலை எலுமிச்சை நிறமாகத் தெரியும். வாங்கியவர் திருப்பி அனுப்புவார், கடைக்காரர் உங்களைத்தான் கேட்பார். ஆகவே ஒரே வகை வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வெள்ளைத் தாள் ஒன்றைக் காட்டி ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படியான நிற அமைப்பைச் சரிசெய்து, அதைத் தானாக மாறவிடாமல் பூட்டிவிட வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால், கடை விளக்குகளால் திரையில் கோடு கோடாக ஓடும் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். தறிச் சத்தமோ தெருச் சத்தமோ உள்ள இடத்தில் சட்டையில் குத்தும் காலர் மைக் இல்லாமல் இறங்கவே கூடாது. கேமராவுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் ஒரு பகுதியை மைக்குக்குத் திருப்புவதே புத்திசாலித்தனம். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளும் ஜனம், பேச்சு கேட்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே தொடக்கத்தில் தாராளம். பின்னணி இசைக்கு யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். கடைக்காரர் சினிமாப் பாட்டுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார். பாட்டின் உரிமையாளர் காப்புரிமைப் புகார் கொடுத்து, 90 நாள்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (யூடியூபின் தண்டனை எச்சரிக்கை) விழுந்தால் சேனலே போய்விடக்கூடும் என்று அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கூலி பேசுவதில் கூச்சம் கூடாது. மாதத்துக்கு இத்தனை வீடியோ, ஒவ்வொன்றும் இத்தனை நிமிடம், இரண்டு முறைக்கு மேல் திருத்தம் என்றால் தனிக் கட்டணம், பாதித் தொகை முன்பணம் என்பதை வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுதி அனுப்பி, சரி என்ற பதிலை வாங்கிய பிறகே ஸ்டாண்டைத் தூக்க வேண்டும். எடிட் செய்யாத மூலப் பதிவுகளும் கேட்பார்களா என்பதையும் அதிலேயே தீர்த்துக்கொள்ளலாம். சேனல் கடைக்காரரின் சொந்த மின்னஞ்சலில்தான் இருக்க வேண்டும்; சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் உங்களுக்கு எடிட்டர் அனுமதி கொடுக்கும் வசதி இருப்பதால், கடவுச்சொல்லை யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை. விளம்பர ஒப்பந்தம் என்ற பெயரில் வரும் மின்னஞ்சல் இணைப்பைத் திறந்து சேனலையே பறிகொடுப்பது அடிக்கடி நடப்பதால், அறிமுகமில்லாதவர் அனுப்பும் கோப்புகளைத் தொடாதீர்கள்.

வெளியே போய்ப் படம் எடுக்கப் பிடிக்காதவர்களுக்கு, பிறர் சேனல்களுக்கு எடிட் செய்து கொடுப்பது, முகப்புப் படம் செய்வது, சப்டைட்டில் போடுவது ஆகியவையும் வேலைகள்தாம். மாதிரி காட்டாமல் யாரும் வேலை தரமாட்டார்கள். ஒரே பத்து நிமிடப் பதிவை நீண்ட வீடியோவாகவும் நிமிடத்துக்குள் அடங்கும் ஷார்ட்ஸாகவும் வெட்டி அனுப்பினால், விண்ணப்பக் கடிதத்துக்கு வேலையே இருக்காது.

இப்படி வீட்டுச் செலவு நிற்காமல் ஓடத் தொடங்கிய பிறகு, சொந்தச் சேனலைத் தொடங்கலாம். 8 நிமிடத்தைத் தாண்டிய வீடியோக்களில்தான் நடுவில் விளம்பரம் வைக்க முடியும்; அதற்காக 5 நிமிட விஷயத்தை இழுக்கும் பழக்கம் சேனலைக் கெடுக்கும். பொருள் விற்கும் நிறுவனங்கள் பணமோ இலவசப் பொருளோ கொடுத்து வீடியோ கேட்டால், அது விளம்பரம் என்று வீடியோவிலேயே தெளிவாகச் சொல்வது இந்திய விதி.

கணக்கு வழக்கை முதல் மாதமே தொடங்குங்கள். ஆட்சென்ஸில் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால், உலகம் முழுவதிலுமிருந்து வரும் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கப்படலாம். நிரப்பி, இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தச் சலுகையைக் கோரினால், அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பகுதிக்கு மட்டும் 15 சதவீதம் பிடிக்கப்படும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். நிறுவனம் பணத்துக்குப் பதிலாகப் பொருளாகக் கொடுத்து, அதன் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், அதற்கும் 10 சதவீத டி.டி.எஸ். (கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி) உண்டு, எனவே பரிசாக வந்த செல்போனின் பில் நகலையும் கேட்டு வாங்கி, மற்ற ரசீதுகளோடு ஆடிட்டரிடம் சேர்த்துவிடுங்கள்.