‘நைஸ்’ வந்தாலே ‘நல்ல’ என்று எழுதிவிடாதீர்கள்

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருபவர்களின் பிரதிகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. போன வாரம் வந்த பிரதியில், ‘நைஸ்’ (nice) என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்த இடமெல்லாம் ‘நல்ல’ என்று போடுகிற, நான் ஆரம்பத்தில் செய்த அதே தப்பு வரிக்கு வரி அப்படியே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். ஒற்றுப்பிழையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

நுட்பம் என்ற பொருளைத் தவறவிடுவது

‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றால் நல்ல வேறுபாடு இல்லை, நுண்ணிய வேறுபாடு. ‘எ நைஸ் பாயின்ட் ஆஃப் லா’ என்பதும் அப்படித்தான்: இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சட்டென்று சொல்லிவிட முடியாத நுட்பமான சட்டச் சிக்கல். இதை நான் ஒரு சட்டக் கட்டுரையில் ‘நல்ல சட்டக் கருத்து’ என்று எழுதினேன். கருத்து நல்லது என்றால் அடுத்த வரியில் நீதிபதி ஏன் தயங்குகிறார் என்று புரியவில்லை, உடனே அந்தத் தயக்கத்துக்கு நானாக ஒரு காரணம் கற்பித்து இரண்டு வாக்கியம் சேர்த்துவிட்டேன். மூலத்தில் இல்லாத வாக்கியங்கள்! பிரதி முழுவதும் திரும்பி வந்தது, பணமும் வரவில்லை. பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன், அகராதியில் இன்னும் நாலு வரி கீழே படிக்காமல் விட்டதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

சொல்லின் கதை தெரிந்தால் இந்தத் தப்பு வராது. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். அதற்குள் இருக்கும் ‘ஸ்கீரெ’, அதாவது அறிதல், என்பதிலிருந்துதான் ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் வந்தது. பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது ‘நைஸ்’ என்றால் முட்டாள்தனமான என்று பொருள். அப்புறம் எதற்கும் முகம் சுளிக்கிற, பொறுக்கிப் பார்க்கிற, துல்லியமான என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் இனிமையான என்ற இடத்துக்கு வந்தது. ஆகவே பழைய நூலென்றால் முதலில் அது எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள்.

‘மாவை நைஸாக அரை’ என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த நுண்மையை நினைவில் வைத்துக்கொண்டாலே போதும்.

நம்ம ‘நைஸை’ ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது

‘நைஸாக நழுவிவிட்டான்’ என்பதற்கு ‘நைஸ்லி’ போடாதீர்கள். யாருக்கும் தெரியாமல் நழுவினான் என்பதுதான் செய்தி.

‘நைஸ் அண்ட் வார்ம்’

இதமான சூடு. ‘நல்ல மற்றும் சூடான’ வேண்டவே வேண்டாம்.

‘எ நைஸ் மெஸ்’

‘மெஸ்’ என்றால் இங்கே வம்பு, ‘நைஸ்’ கேலியாகச் சொல்வது. அதனால் தாராளமாக ‘நல்ல’ போடலாம்: ‘நல்ல வம்பில் மாட்டிக்கொண்டோம்.’