சித்திரையில் பூத்துப்போன பாலக்

காங்கேயத்தில் எங்கள் மொட்டை மாடியில் போன சித்திரையில் பாலக்கீரை விதைத்தேன். இலை உள்ளங்கை அகலம்கூட வரவில்லை, அதற்குள் பூத்தண்டு கிளம்பிவிட்டது. விதைதான் சொத்தை என்று நினைத்தேன். ஆனால் அதே பாக்கெட்டில் பாதியைக் குன்னூரில் அக்கா போட்டிருந்தார். அங்கே தளதளவென்று இலை. சூடும் நீண்ட பகலும் சேர்ந்தால் பாலக் சீக்கிரம் பூத்துவிடும், அதுதான் காரணம். ஒரு தொட்டியை நிழல்வலைக்குள் வைத்துப் பார்த்தேன். பூப்பது சில நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

அப்புறம் அமுச்சி (அம்மாவின் அம்மா) சொன்னபடி அரைக்கீரை தூவினேன். தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எல்லாம் வெயிலில் செழிக்கும் இனம். கிள்ளக் கிள்ளத் துளிர்த்தது. பாலக்கை மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் மறுபடி விதைத்தேன். தை முடியும்வரை பூவே இல்லை, நான்கு முறை அறுத்தோம்.