அரசியலமைப்பைத் திருத்தும்போது விடும் பிழைகள்: ஒரு ‘ஆறு’ தந்த தலைவலி

போன மாதம் மூன்று கனிஷ்ட சட்டத்தரணிகள் ஒரு வரைவோடு என் மேசைக்கு வந்தார்கள். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்கும் திருத்தச் சட்டமூலம்; ஏதோ கருத்தரங்குக்காக எழுதியது. பதினொரு பக்கம், அழகான தட்டெழுத்து. “நாலு நாளில முடிச்சிட்டம் சேர்” என்றான் ஒருவன். நான் வரைவைத் திறக்கவே இல்லை. “மாகாண ஆளுநரை இனி யார் நியமிப்பது?” என்று கேட்டேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏழாம் அத்தியாயத்தில் ஜனாதிபதி வரும் இடங்களையெல்லாம் மாற்றியிருந்தார்கள். மாகாண சபை அத்தியாயத்திலும் அவர் இருக்கிறார் என்பது யாருக்கும் நினைவில்லை.

கோபம் வரவில்லை, ஏனென்றால் இதே பிழையை நானும் விட்டவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். திருத்தத்துக்குப் பாராளுமன்றத்தில் வேண்டிய மூன்றில் இரண்டு என்றால் அன்றைக்கு வந்திருப்பவர்களில் அல்ல, 225 இல் 150 என்பது போன்ற பாலபாடங்களை விட்டுவிடுகிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் இலங்கையின் 1978 அரசியலமைப்பிலிருந்து. அதற்குப் பஞ்சமே இல்லை: 1988 முடிவதற்குள்ளேயே பதினாறு திருத்தம்.

ஒரு ஆளை மனதில் வைத்து எழுதுவது

2010இல் 18ஆவது திருத்தம், ஒருவர் இரண்டு தடவைதான் ஜனாதிபதியாகலாம் என்ற வரம்பை நீக்கியது. மூன்றாம் தடவை கேட்க வழி திறந்தது. கேட்ட மகிந்த ராஜபக்ச 2015இல் தோற்றார். இரட்டைக் குடியுரிமைக்காரர் பாராளுமன்றம் வரக்கூடாது என்று 19 சொன்னது, வரலாம் என்று 2020இல் 20 சொன்னது, கூடாது என்று 2022இல் 21 சொன்னது. யாருக்காகத் திறந்தார்கள், யாருக்காகப் பூட்டினார்கள் என்பது தேநீர்க் கடையில் இருந்தவருக்கும் தெரியும்.

ஒன்றை மாற்றி, அதன் சோடியை விட்டுவிடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தரும் பிழை இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கோயில் பரிபாலன சபையின் யாப்பைத் திருத்தித் தரச் சொன்னார்கள். நிர்வாகத்தின் பதவிக்காலம் மூன்று ஆண்டு, அதை இரண்டாக்க வேண்டும். ஏழாம் விதியில் ‘மூன்று’ என்பதை வெட்டி ‘இரண்டு’ என்று போட்டேன். பொதுக்கூட்டத்தில் கைதட்டல் வேறு. பத்தொன்பதாம் விதியை நான் பார்க்கவில்லை. பொருளாளர் மூன்றாம் ஆண்டு முடிவில் கணக்கையும் திறப்புகளையும் புதிய சபையிடம் கையளிக்க வேண்டும் என்று அது சொன்னது. இரண்டாண்டு முடிந்து புதிய சபை வந்தது. பழைய பொருளாளரோ பத்தொன்பதாம் விதியை விரித்து வைத்துக்கொண்டு, “எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு” என்றார். உண்டியல் திறப்பு அவர் மடியில். கொடியேற்றத்துக்கு மேளகாரருக்கு முற்பணம் கொடுக்கக் காசில்லை. தலைவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இது நீர் எழுதினதுதானே?” என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாததுதான் சுட்டது.

ஒரு கோயிலில் இது உண்டியலோடு போயிற்று. நாட்டில் என்ன ஆகும் என்று பாருங்கள்.

1978இல் ஜனாதிபதியின் பதவிக்காலம் ஆறு ஆண்டு, பாராளுமன்றத்தின் காலமும் ஆறு. இந்தக் காலத்தை ஆறு ஆண்டுக்கு மேல் நீட்டுவதாக இருந்தால் மூன்றில் இரண்டு மட்டும் போதாது, மக்கள் தீர்ப்பும் (நாடளாவிய வாக்கெடுப்பும்) வேண்டும் என்று 83(ஆ) உறுப்புரை சொல்கிறது. கதவும் ஆறு, பூட்டும் ஆறு. சரியாகப் பொருந்தியது. 2015இல் 19ஆவது திருத்தம் இரண்டு காலங்களையும் ஐந்தாகக் குறைத்தது. பூட்டு ஆறிலேயே நின்றுவிட்டது. ஆக, எழுத்தின்படி பார்த்தால், ஐந்தை ஆறாக்க மக்களிடம் போகத் தேவையில்லை. 150 கை உயர்ந்தால் போதும்.

மறந்துபோனார்கள் என்று சொல்லி விடலாம். ஆனால் மக்கள் தீர்ப்பு இல்லாமல் மாற்ற முடியாத உறுப்புரைகளில் 83உம் ஒன்று. அதைத் தொட்டால் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அந்தத் தலையிடி 2015இல் அரசாங்கத்துக்கு வேண்டியிருக்கவில்லை. நான் பத்தொன்பதாம் விதியைப் பார்க்காமல் விட்டவன். இது பார்த்தும் தள்ளிப்போட்டதாகவே எனக்குப் படுகிறது.

அதே திருத்தத்தில் இன்னொரு சோடியும் பிரிந்தது. நாலரை ஆண்டு முடியும்வரை, மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு பாராளுமன்றமே கேட்டாலொழிய ஜனாதிபதி அதைக் கலைக்க முடியாது என்று 70ஆம் உறுப்புரையை மாற்றினார்கள். நல்ல மாற்றம். ஆனால் ஜனாதிபதியின் அதிகாரங்களை அடுக்கும் 33(2)(இ)யில் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் என்று எழுதி, அதோடு நிறுத்திவிட்டார்கள். ‘70ஆம் உறுப்புரைக்கு அமைய’ என்ற மூன்று சொல் அங்கே இருக்கவில்லை. 2018 ஒக்டோபர் 26இல் பிரதமர் நீக்கப்பட்டார். நவம்பர் 9இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. கலைப்புக்கு ஆதரவாக வாதாடியவர்கள் பிடித்துத் தொங்கியது இந்த 33(2)(இ)யைத்தான். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். இரண்டு உறுப்புரைகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனாலும் யார் பிரதமர் என்று தெரியாமல் நாடு ஏழு வாரம் திண்டாடியது. மூன்று சொல்லை எழுத ஒரு நிமிடம் போதும்.

பதவியிலிருக்கும் ஆளுக்கு எந்தக் காலம் என்பதிலும் அதே கதை. 2015 ஜனவரியில் ஆறு ஆண்டுக்கு ஜனாதிபதியாகத் தெரிவானவர், திருத்தம் வந்த பிறகு ஐந்தில் போக வேண்டுமா, ஆறா? இடைக்கால ஏற்பாட்டில் இலக்கத்தைப் பளிச்சென்று எழுதியிருந்தால் கேள்வியே எழாது. 2018 ஜனவரியில் ஜனாதிபதியே உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். ஐந்து என்றது நீதிமன்றம்.

இதில் கொடுமை என்னவென்றால், திருத்தச் சட்டமூலத்தில் மாற்றப்படும் ஏற்பாட்டையும் அதையொட்டி மாற வேண்டிய மற்ற ஏற்பாடுகளையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று 82(1) சொல்கிறது. யாரும் கண்டுபிடிக்க வேண்டிய இரகசியம் இல்லை.

நான் இப்போது செய்வது இதுதான். முழுப் பிரதியையும் அச்செடுத்து, அடிமட்டம் வைத்து வரிவரியாக, வாய்விட்டு வாசிப்பேன். மாற்றும் சொல் வரும் இடமெல்லாம் பென்சில் கோடு. இலக்கத்தைத் தேடினால் போதாது. ‘6’ என்று தேடுகிறவருக்கு ‘ஆறு’ அகப்படாது, ‘ஆறாண்டு’ அகப்படாது. பிறகு சிங்களப் பிரதியிலும் அதே வேலை. நாலு நாளில் முடியாது.

குழுநிலையில் திணிப்பது

சட்டமூலத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கப் பிரசைக்குக் கிடைப்பது பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேர்த்த பிறகு ஒரு குறுகிய அவகாசம். அந்த அவகாசத்தில் அவர் கையில் இருப்பது அச்சிட்ட பிரதி. வாக்கெடுப்பு நாளில் குழுநிலையில் (சபையே குழுவாக இருந்து வாசகங்களைத் திருத்தும் கட்டத்தில்) நுழைவது அவர் கண்ணில் படாது. சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் 80(3)இன் படி எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. 2015 ஏப்ரல் 28இல் 19ஆவது, இருநூறுக்கு மேற்பட்டவர்கள் ஆதரிக்க, ஒருவர் மட்டும் எதிர்க்க நிறைவேறியது. கடைசி நேரத் திருத்தங்கள் அன்று ஏராளம். அவ்வளவு பேர் ஆதரித்தார்கள் என்றால் அவ்வளவு பேரும் வாசித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவசரச் சட்டமூலமாகக் கொண்டுவருவது

வேண்டாம். 18ஆவது அப்படித்தான், பிரசை எதிர்க்க வழமையான அவகாசம் இல்லாமல், வந்தது.

மொழிபெயர்ப்பைக் கடைசிக்கு விடுவது

சிங்களப் பிரதிக்கும் தமிழ்ப் பிரதிக்கும் முரண் வந்தால் சிங்களமே மேலோங்கும் என்ற வாசகம் நம் சட்டங்களின் வாலில் இருக்கும். அதனால் தமிழ்ப் பிரதி சடங்குதானே என்று சிலர் நினைக்கிறார்கள். புதிய அரசியலமைப்புக்கான 2017 செப்டெம்பர் இடைக்கால அறிக்கையை நினைத்துப் பாருங்கள். சிங்களத்தில் ‘ஏக்கிய ராஜ்ய’ (ஒற்றையாட்சி அரசு), தமிழில் ‘ஒருமித்த நாடு’. சமஷ்டியை (கூட்டாட்சியை) ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தெற்கில் சத்தம். ஒற்றையாட்சிக்குப் புதுப் பெயர் என்று வடக்கில் சத்தம். எழுதாத உடன்பாட்டை ஒரு சொல் தாங்காது.

தேர்தலுக்குப் பதிலாக மக்கள் தீர்ப்பு

1982. பாராளுமன்றத்தின் காலத்தை நீட்டச் சம்மதமா என்று கேள்வி; ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். விளக்கு சுமார் 54.7 வீதம் எடுத்தது. 1977இல் தெரிவான பாராளுமன்றம் பொதுத் தேர்தலே இல்லாமல் 1988 டிசம்பர் வரை இருந்தது.

சூடு தணியுமுன் கை வைப்பது

1983 ஜூலைக் கலவரத்தின் புகை அடங்கவில்லை. ஓகஸ்டில் 6ஆவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். பேச வேண்டிய நேரத்தில் பேச வேண்டிய ஆட்கள் சபைக்கு வெளியே.

பிழையைத் திருத்தவும் நாள் பார்க்க வேண்டும்

அந்த ‘ஆறு’க்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்பது ஆண்டு யாரும் தொடவில்லை. 2024 ஜூலையில், ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில், 83(ஆ)இல் ‘ஆறு’ என்பதை ‘ஐந்து’ ஆக்கும் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. திருத்தம் சரிதான். ஆனால் மக்கள் தீர்ப்பைக் காட்டித் தேர்தலைத் தள்ளிப்போடப் பார்க்கிறார்கள் என்று எதிரணி சந்தேகப்பட்டது; அந்த மாதத்தில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். செப்டெம்பர் 21இல் தேர்தல் நடந்தது. ‘ஆறு’ இருந்த இடத்திலேயே இருந்தது.

கனிஷ்டர்களின் வரைவு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. ஒரு பெட்டி பென்சில் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.