மெட்ராஸ் கறி கேட்டால் மெட்ராஸ் வராது

கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து யார் பர்மிங்ஹாம் வந்தாலும் நாலாவது நாள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "இங்க நம்ம ஊர் ஓட்டல் ஒண்ணும் இல்லையா?" இந்தியன் ரெஸ்டாரன்ட் என்று போர்டு போட்ட கடை தெருவுக்கு இரண்டு இருக்கிறது. ஆனால் அது நம்ம ஊர் ஓட்டல் இல்லை. இதை முதலிலேயே சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை என் மாமியாரை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். மெனுவில் 'வெஜிடபிள் கொர்மா' என்று பார்த்ததும், பரோட்டாவுக்கு ஊற்றும் குருமா என்று நினைத்து அதையே கேட்டார். வெளிர் மஞ்சளில், க்ரீமும் தேங்காயும் பாதாம் தூளும் சர்க்கரையும் சேர்ந்த ஒன்று வந்தது. ஒரு வாய் வைத்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பாயசத்துல யாரு மாப்ள கேரட்டைப் போட்டது?" என்றார்.

தப்பு அத்தையுடையது இல்லை, கடைக்காரருடையதும் இல்லை. அங்கே பெயர்களுக்கு அர்த்தமே வேறு.

எனக்கு இது தெரியும், ஏனென்றால் 2009-ல் இங்கே படிக்க வந்தபோது சனி, ஞாயிறு இரண்டு நாளும் இப்படிப்பட்ட ஒரு கடையின் அடுக்களையில் பாத்திரம் கழுவினேன், வெங்காயம் உரித்தேன். மூட்டை மூட்டையாக வெங்காயம். அத்தனையும் ஒரே அண்டாவில் போகும். கூடவே கொஞ்சம் கேரட், குடைமிளகாய், இஞ்சி, பூண்டு, மஞ்சள், எண்ணெய். குழைய வெந்ததும் அரைத்துவிடுவார்கள். பார்க்க நீர்த்த பருப்பு மாதிரி இருக்கும், ருசி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அந்த ஒரு அண்டா கிரேவியிலிருந்துதான் மெனுவின் பாதிக்கு மேல் வருகிறது.

ஆர்டர் வந்ததும் மாஸ்டர் வாணலியில் எண்ணெய் விடுவார். பூண்டு விழுது, ஒரு கரண்டி மசாலாத் தூள், தக்காளிப் பேஸ்ட். தீ குப்பென்று வாணலிக்குள்ளேயே ஏறும். அதில் இரண்டு அகப்பை கிரேவி, முன்பே வேகவைத்து எடுத்துவைத்த கோழி. ஏழெட்டு நிமிஷத்தில் முடிந்தது. கடைசியில் க்ரீமும் சர்க்கரையும் விழுந்தால் கொர்மா. மிளகாய்த் தூளும் எலுமிச்சையும் விழுந்தால் மெட்ராஸ். இன்னும் மிளகாய் விழுந்தால் விந்தாலு. அதாவது மெட்ராஸ் என்பது இங்கே ஊரின் பெயர் இல்லை, காரத்தின் அளவு. நம் வீட்டுக் கறிவேப்பிலை வாசனையை அதில் தேடாதீர்கள்.

இந்தக் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துகிறவர்கள் வங்கதேசத்தின் சில்ஹட் பகுதிக்காரர்கள். கப்பலில் வேலைக்கு வந்து இந்த நாட்டில் இறங்கிவிட்டவர்களின் வழி வந்த தொழில் இது. வெள்ளைக்காரர் நாக்குக்கு ஏற்றபடி அவர்கள் உருவாக்கியதுதான் இந்தச் சமையல். இதைத் தனிச் சமையல் என்று எடுத்துக்கொண்டால் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

சரி, மெனு கைக்கு வந்துவிட்டது. என்ன கேட்பது?

நம் நாக்குக்கு முதல் தடவைக்கு நான் சொல்வது ஜால்ஃப்ரேசி. பச்சை மிளகாயை நீளமாகக் கீறி, குடைமிளகாய், வெங்காயத்தோடு வதக்கியது. அங்கே இருப்பவற்றில் பச்சையான, உறைப்பான ருசி இதில்தான். இரண்டாவது புனா. கிரேவியைச் சுண்டவிட்டு இறைச்சியில் ஒட்டவைப்பது, நம் சுக்கா வகைக்குப் பக்கத்து வீடு. பருப்பு பிடிக்குமென்றால் தன்சாக். பார்சி வீட்டுப் பண்டம், இங்கே வந்து புளிப்பும் இனிப்பும் காரமுமாக மாறிவிட்டது. சில கடைகளில் அன்னாசித் துண்டுகூடக் கிடக்கும், பயப்பட வேண்டாம். தோபியாசா என்றால் வெங்காயம் இரண்டு முறை விழுகிறது என்று அர்த்தம். பத்தியா என்று பார்த்ததும் பத்தியச் சாப்பாடு என்று நினைத்து என் மச்சினன் குஷியானான். அது இனிப்பும் புளிப்பும் காரமும் சேர்ந்தது, பத்தியத்துக்கு நேர் எதிர்.

விந்தாலுவைப் பற்றி ஒரு வார்த்தை. போர்ச்சுகீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்த, வினிகரும் பூண்டும் சேர்ந்த இறைச்சிதான் மூலம். பெயரின் கடைசியில் 'ஆலு' என்று காதில் விழுவதால் பல கறி ஹவுஸ்களில் உருளைக்கிழங்கு போடுகிறார்கள்! அதற்கும் மேலே ஃபால் என்று ஒன்று உண்டு. பந்தயம் கட்டிச் சாப்பிடுகிறவர்களுக்கு. திருநெல்வேலிக்காரன் என்ற வீறாப்பில் நானும் ஒரு தடவை கேட்டேன். ருசி ஒன்றும் தெரியவில்லை, வெறும் எரிச்சல்தான். வேண்டாம்.

உட்கார்ந்ததும் "பாப்படம்?" என்று கேட்பார்கள். தலையாட்டுவதற்கு முன் யோசியுங்கள்: அப்பளம் இலவசம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் காசு, கூட வரும் மாங்காய் சட்னி, எலுமிச்சை ஊறுகாய், புதினாத் தயிர், நறுக்கின வெங்காயம் அடங்கிய தட்டுக்கும் பல இடங்களில் தனிக் காசு. ஆளுக்கு ஒன்று போதும். சாதமும் அப்படித்தான், கறியோடு வராது, தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் ஆளுக்கு ஒரு தட்டு என்று கணக்குப் போடுவது மாதிரி போட்டால் மேஜை தாங்காது. நாலு பேருக்கு மூன்று கறி, ஒரு தட்கா தால், இரண்டு சாதம், இரண்டு நான். இதற்கு மேல் போனால் பார்சல்தான். கலர் கலராகப் பருக்கை தெரிகிற புலாவ் அழகாக இருக்கும், ஆனால் குழம்பு ஊற்றிப் பிசைய வெறும் சாதமே மேல். 'ஆனியன் பாஜி' என்பதை நம் வாழைக்காய் பஜ்ஜியோடு போட்டுக் குழப்பாதீர்கள், அது உருண்டையான வெங்காயப் பக்கோடா. சூடாக வந்தால் நல்ல பண்டம்.

தண்ணீர் பாட்டிலில் வேண்டுமா என்று கேட்டால் "டாப் வாட்டர்" என்று தயங்காமல் சொல்லுங்கள். மது விற்கும் கடைகள் கேட்டவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கே சட்டம்.

எப்போது போகிறீர்கள் என்பதும் முக்கியம். நிறையக் கடைகள் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் திறக்கும். வெள்ளி, சனி இரவு ஒன்பது மணிக்குப் போனால் பக்கத்து மேஜையில் பீர் பாட்டு பாடும் கூட்டம். மாஸ்டரும் பத்து வாணலியை ஒரே நேரத்தில் உருட்டிக்கொண்டிருப்பார். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் போங்கள். அடுக்களையில் நிதானம் இருக்கும். வாசல் கண்ணாடியில் பச்சையும் கறுப்புமாக ஒரு ஸ்டிக்கர், 0 முதல் 5 வரை ஒரு எண். சுத்தத்துக்கு உள்ளாட்சி தந்த மதிப்பெண் அது. வேல்ஸில் அதை ஒட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயம் இல்லை. ஒட்டாத கடையை நான் ஒருமுறை யோசிப்பேன்.

இனி, நான் அடுக்களையில் கற்ற உண்மையான லாபம். கடை திறப்பதற்கு முன் வேலைக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தச் சாப்பாட்டில் அண்டா கிரேவி ஒரு சொட்டு இருக்காது. தண்ணீராக ஒரு மீன் குழம்பு, பருப்பு, சாதம். சில நாள் மாட்டுக்கறியில் சாத்கொரா என்ற கனியின் தடித்த தோலைத் துண்டு போட்டிருப்பார்கள். நார்த்தங்காயை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கசப்பும் மணமும். முதல் தடவை அதை மென்றபோது எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடிதான் ஞாபகம் வந்தது. இன்று சில கடைகள் இதை மெனுவிலேயே போடுகின்றன. போடாத கடையிலும் கேட்டுப் பாருங்கள். "பாய், நீங்க வீட்ல சாப்பிடற மாதிரி ஏதாவது இருக்கா? சாத்கொரா, நாகா மிளகாய்?" என்று பரிமாறுகிறவரிடம் கேட்டால் முகம் மலரும். இல்லை என்றாலும் உங்கள் ஜால்ஃப்ரேசியில் நாலு பச்சை மிளகாய் கூட விழும். நாகாவை மட்டும் அளவாகச் சொல்லுங்கள், அது நம் குண்டு மிளகாய் இல்லை.

பர்மிங்ஹாம் வரை வந்துவிட்டு பால்டி சாப்பிடாமல் போகக் கூடாது. 1970-களில் இந்த ஊரின் பாகிஸ்தானியக் கடைகளில் பிறந்தது இது. பால்டி என்றால் இந்தி, உருதுவில் வாளி. மெல்லிய இரும்புத் தகட்டில் அடித்த, இரண்டு காதுள்ள சட்டி; பெருந்தீயில் சட்டென்று சமைத்து, அதே சட்டியை அப்படியே மேஜைக்குக் கொண்டுவருவார்கள். எண்ணெய் ஓரத்தில் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். ஸ்பார்க்புரூக், லேடிபூல் ரோடு பக்கம்தான் இதற்குப் பேர்போனது. வேறு சட்டியில் சமைத்து இதில் ஊற்றிக்கொண்டு வருகிற கடையும் உண்டு. சட்டியின் ஓரம் கருகாமல் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். இதற்குச் சாதம் சொல்லாதீர்கள். மேஜை அகலத்துக்கு வரும் குடும்ப நான் ஒன்று வாங்கி, கையால் பிய்த்து, சட்டியிலேயே தோய்த்துச் சாப்பிட வேண்டும். முள்கரண்டியைப் பார்த்து வெட்கப்பட வேண்டியதில்லை, பக்கத்து மேஜை வெள்ளைக்காரரும் கையால்தான் சாப்பிடுகிறார்.

சைவக்காரர்களைக் கூட்டிப் போகும்போது இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: நானில் முட்டை உண்டா, கோழி சுட்ட அதே தந்தூர் அடுப்பா. இது மனசுக்கு ஒத்துவராது என்றால் லெஸ்டர் பெல்கிரேவ் ரோட்டுக்கு வண்டியை விடுங்கள், குஜராத்தி சைவக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பருப்பு இனிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லண்டன் ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் போகிறவர்களுக்கு இந்த வழிகாட்டியே தேவையில்லை. தோசையும், யாழ்ப்பாணத்தார் கடைக் கொத்து ரொட்டியும், இடியப்பமும் சொதியும் அங்கே தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

பில் வந்ததும் 'சர்வீஸ் சார்ஜ்' சேர்த்திருக்கிறார்களா பாருங்கள். சேர்த்திருந்தால் மேலே டிப்ஸ் வைக்க வேண்டாம். சேர்க்காவிட்டால் பத்து சதவீதம் வைக்கிறேன் நான். அந்தப் பின்கட்டில் நின்றவன் என்பதால் அதில் கஞ்சத்தனம் வராது.

மீந்ததைக் கட்டாயம் பார்சல் கேளுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. அன்று அத்தையின் கொர்மாவைத் தள்ளிவைத்துவிட்டு என் பங்கு காய்கறித் தன்சாக்கைத்தான் அவர் பக்கம் நகர்த்தினேன். பாதிதான் சாப்பிட முடிந்தது. மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது, அவர் தோசைக் கல்லைப் போட்டு, தன்சாக்கில் கொஞ்சம் வெந்நீர் விட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். "பருப்புதானே, இப்ப சாம்பாராயிட்டு" என்றார். அன்னாசித் துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்திருந்தார்.